ஏணிப்படியா? ஏட்டுப்படியா?

பெருநகர், பெயரில்தான் நகர். காஞ்சியிலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில், உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் அது. ஏரி நிரம்பினால் சிரிப்பு, வறண்டால் பெருமூச்சு! அவ்வூர்ப் படிப்பகத்தில் ஒரு மாலைப் பொழுது. இளைஞர் சிலர் கூடியிருந்தனர். அவர்களில் ஒருவன், விலங்கியல் பட்டப் படிப்பின் இறுதியாண்டு மாணவன். உழவர் குடியில் பிறந்தவன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவனே.

"இந்தப் பருவத்திலே என்ன பாடம்?" என்று தோழர்கள் கேட்டனர்.

"பரிணாமம்" என்றான்.

"எங்களுக்கும் சொல்லேன்!"

சுண்ணக்கட்டியை எடுத்தான். கரும்பலகையிலே படம் எழுந்தது. கையூன்றி நடக்கும் குரங்கு ஒன்று. அதற்கு முன்னே சற்று நிமிர்ந்தது ஒன்று. அதற்கும் முன்னே கூனல் குறைந்தது ஒன்று. கடைசியிலே, நெஞ்சு நிமிர்த்தி நடக்கும் மனிதன்! நாம் எல்லோரும் நூறு முறை கண்ட படந்தான். தோழர்கள் கை தட்டினர்.

வாசற்படியில் அமர்ந்திருந்தார் முதியவர் ஒருவர். பெருமாள் பக்தர், நல்ல மனிதர். அவர் சிரித்தார்.

"இதுக்கா தம்பி மூணு வருஷப் படிப்பு? எங்க பெருமாள் கோயில் தூணிலே அன்னைக்கே செதுக்கி வெச்சிருக்காங்களே! முதல்லே மீன், அப்புறம் ஆமை, அப்புறம் பன்றி, அப்புறம் பாதி மிருகம் பாதி மனுஷன், அப்புறம் குள்ளன், அப்புறம் முழு மனுஷன். உங்க டார்வின் சொன்னதை எங்க பாட்டன் எப்பவோ சொல்லிட்டான்!"

மாணவன் வாயடைத்து நின்றான். அந்தத் தாளிலே நல்ல மதிப்பெண் பெற்றவன் அவன். டார்வின் பிறந்த ஆண்டு தெரியும். அவர் சென்ற கப்பலின் பெயர் தெரியும். குருவி அலகுகளின் வகை தெரியும். ஆனால், முதியவருக்கு மறுமொழி சொல்ல இயலவில்லை. ஏன்?

அங்கிருந்த எனக்கு, அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்விதான். விடை கசப்பானது, தோழர்களே! அவன் பலகையில் வரைந்த படமும், முதியவர் தூணிலே கண்ட படமும் ஒன்றே. இரண்டும் ஏணி. கீழே இழிந்தது, மேலே உயர்ந்தது, உச்சியிலே நாம்! ஏணியைக் காட்டி ஏணியை எப்படி மறுக்க முடியும்?

குற்றம் அந்தப் பிள்ளையுடையதன்று. பாட நூலிலே, தேர்விலே, நமது மேடைகளிலேயுங்கூட, பரிணாமம் என்ற பெயரில் ஏணியைத்தான் காட்டி வருகிறோம். அந்த ஏணியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதியவரின் தூணை முதலில் பார்ப்போம். அவர் சொன்னது அவர் கண்டுபிடிப்பன்று; பட்டம் பெற்றோரும் பல்லாண்டுகளாகச் சொல்லி வருவது. 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பஞ்சாபிலுள்ள சலந்தரில் இந்திய அறிவியல் மாநாடு கூடிற்று. அங்கே, ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் அந்நாளைய துணைவேந்தர் நாகேசுவர ராவ், டார்வின் கொள்கையைவிடத் தசாவதாரமே சிறந்த விளக்கம் என்று பேசினார். பெருநகர் முதியவர் பள்ளிப் படிப்பையும் முடித்தவரல்லர், அவரைப் பொறுக்கலாம். துணைவேந்தரை?

அவதாரக் கதையிலே நடப்பது என்ன? ஒருவரே பல வேடம் புனைகிறார். மீன் ஆமையைப் பெறவில்லை. ஆமை பன்றியைப் பெறவில்லை. அடுத்த வேடம் வருவது ஆண்டவன் எண்ணியதால், அசுரனை அழிப்பதற்காக. தலைமுறை இல்லை, வழிவழி வரும் மாற்றம் இல்லை, காரணம் இல்லை, காலக் கணக்கும் இல்லை. நாடகக் கொட்டகையிலே ஒரே நடிகர் பத்து வேடம் கட்டினால், முதல் வேடம் பத்தாம் வேடத்திற்குப் பாட்டனாகிவிடுமா? மேலும், ஓர் அறிவியற் கொள்கை என்றால், அது எங்கே தவறக்கூடும் என்றும் சொல்ல வேண்டும். முயலின் எலும்பு, மீனே தோன்றாத காலத்துப் பாறையிலே கிடைத்தால் டார்வின் கொள்கை தடுமாறும். எந்தப் பாறையிலே எது கிடைத்தால் தசாவதாரம் தடுமாறும்? எதற்கும் தடுமாறாது. தோற்கவே முடியாத பந்தயத்தில் வென்றேன் என்று சொல்வது வெற்றியாகுமா?

இவ்வளவும் அந்த மாணவன் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம், அவனுக்குத் தரப்பட்ட பாடத்திலே 'வரிசை' இருந்தது, 'வழி' இல்லை. எது எதற்குப் பின் வந்தது என்று மனப்பாடம் செய்தான். எப்படி வந்தது, எதனால் அறிந்தோம் என்பதை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

டார்வின் வரைந்தது எதை? 1837-இல் தம் குறிப்பேட்டிலே அவர் தீட்டியது ஏணியன்று. கிளை விட்டுப் பிரியும் மரம். 1859-இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் என்ற பெருநூலிலே ஒரே ஒரு படந்தான் உண்டு, அதுவும் கிளைப்படமே. உயர்ந்தது, தாழ்ந்தது என்ற சொற்களை ஆளலாகாது என்று, தாம் படித்த வேறொரு நூலின் ஓரத்திலே தமக்குத் தாமே குறித்துக் கொண்டவர் அவர். எப்போதும் அந்தக் கட்டுப்பாட்டைக் காத்தார் என்று சொல்லேன். அவரும் அவர் காலத்து மனிதரே. ஆனால், ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மரத்திலே உச்சி என்று ஒன்றைச் சுட்ட முடியுமா? இன்று உயிரோடு இருக்கும் ஒவ்வோர் இனமும் ஒரு கிளையின் நுனி. செய்யாற்றுக் கெண்டை ஒரு நுனி. வரப்பு நண்டு ஒரு நுனி. குரங்கு ஒரு நுனி. நாமும் ஒரு நுனி. இன்றைய குரங்கு நம் பாட்டனல்ல, நம் பங்காளி. மனிதக் கிளையும் சிம்பன்சிக் கிளையும் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. பிரிந்த இடத்திலே நின்ற உயிர் இன்றைய மனிதனுமன்று, இன்றைய சிம்பன்சியுமன்று. "குரங்கு மனிதனானால், இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?" என்று மேடை தோறும் கேட்கிறார்களே, அந்தக் கேள்வி ஏணியை மட்டுமே கடிக்கும், மரத்தைக் கடிக்காது. பெரியப்பன் பிள்ளை இருப்பதனால் நான் இல்லை என்றாகிவிடுமா?

இனி நம் மொழிக்கு வருவோம். 'பரிணாமம்' என்று பாட நூல் எழுதுகிறது. இலங்கைத் தமிழர் 'கூர்ப்பு' என்பர். தனித்தமிழ் அன்பர்கள் 'படிமலர்ச்சி' என்பர். அழகிய சொல்! ஆனால், அதைக் கேட்டதும் நம் மனம் ஏணிப்படியிலே கால் வைக்கிறது. படிப்படியாக ஏறுதல், உயர்தல், உச்சி அடைதல் என்று எண்ணம் ஓடுகிறது. தமிழிலே 'படி' என்பதற்கு வேறொரு பொருளும் உண்டே! ஓர் ஓலைச் சுவடியைப் பார்த்து மற்றோர் ஓலையில் எழுதிக் கொள்வதைப் 'படி எடுத்தல்' என்கிறோம். அந்தப் படியைக் கையிலெடுங்கள், தோழர்களே! உயிர்நூலின் கதவு திறந்துவிடும்.

தமிழ்ப் புலவர் அறிந்த செய்திதான் இது. ஏட்டைப் படி எடுப்பவன் எவ்வளவு கூர்மையானவனாயினும் பிழை செய்வான். ஓர் எழுத்து மாறும். ஒரு சொல் விழும். ஓர் அடி இருமுறை வரும். அவன் படியைப் பார்த்து அடுத்தவன் எழுதும்போது, பழைய பிழையும் வரும், புதிய பிழையும் சேரும். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதர் செய்தது என்ன? ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளைக் குறித்தார். இரண்டு சுவடிகளிலே ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், புலவர் என்ன முடிவு செய்வார்? இரண்டும் ஒரே தாய்ச் சுவடியிலிருந்து வந்தவை என்பார். சரியான பாடம் ஒத்திருப்பது பெரிதன்று. பிழை ஒத்திருப்பதே உறவுக்குச் சான்று!

உயிரின் உடலிலும் ஏடு உண்டு. அதுவே மரபணு. தலைமுறை தோறும் படி எடுக்கப்படுகிறது. படி தோறும் பிழை நேர்கிறது. பெரும்பாலான பிழைகளால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. சில கொல்லும். சில, அந்தச் சூழலிலே வாழ உதவும். உதவும் பிழையைத் தாங்கிய உயிர் மிகுதியாகப் பிள்ளை பெறும். அந்தப் படி பெருகும். இதுதான் இயற்கைத் தேர்வு.

ஒரே பிழை காட்டும் உறவுக்குச் சான்று வேண்டுமா? நெல்லிக்கனியைக் கேளுங்கள். அதியமான் ஔவைக்கு அளித்த கதையைத் தமிழ்ப் பிள்ளை யாவரும் அறிவர். அந்தக் கனியிலே மிகுந்துள்ள உயிர்ச்சத்து 'சி' இல்லாவிட்டால், மனிதனுக்கு ஈறு வீங்கிக் குருதி கசியும். நாளடைவில் உயிரே போகும். பெருநகர்த் தெருவிலே திரியும் ஆட்டுக்கு அந்தக் கவலை இல்லை, மாட்டுக்கு இல்லை, நாய்க்கு இல்லை. அவை தம் ஈரலிலேயே அந்தச் சத்தை ஆக்கிக் கொள்கின்றன. நாம் ஏன் ஆக்கிக் கொள்ளவில்லை? ஆக்குவதற்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது. ஆனால், சிதைந்து கிடக்கிறது! பாழடைந்த வீட்டின் அடித்தளம் போல, பயனின்றிக் கிடக்கிறது. அதே மரபணு, சிம்பன்சியிடமும், கோயில் மதிலிலே தாவும் குரங்கிடமும் சிதைந்தே கிடக்கிறது. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் பொது முன்னோரிடம் நேர்ந்த சிதைவு அது. அதற்கு முன்பே கிளை பிரிந்த தேவாங்கின் குடும்பத்திலோ அந்த மரபணு இன்றும் வேலை செய்கிறது. கினிப் பன்றியிடமும் சிதைவு உண்டு. ஆனால் அது வேறு வகைச் சிதைவு, தனியே நேர்ந்த பிழை.

எந்தப் புராணம் இதை விளக்கும்? குற்றமற்ற படைப்பாளன், மனிதனையும் குரங்கையும் தனித்தனியே படைத்து, இருவர் ஏட்டிலும் ஒரே இடத்தில் ஒரே கோணலை எழுதினானா? தேர்வுக் கூடத்தில் இரண்டு மாணவர் ஒரே தவறான விடையை எழுதியிருந்தால், ஆசிரியர் கண்டுகொள்வாரே! பெருநகர் மாணவன் அன்று சுண்ணக்கட்டியால் குரங்கை வரையாமல், ஒரு நெல்லிக்காயை முதியவர் கையில் வைத்திருந்தால், உரையாடல் வேறு வழி சென்றிருக்கும்.

இந்தப் படி எடுக்கும் வேலை, கோடி ஆண்டுகளுக்கு முந்திய கதை மட்டுமன்று. அவன் தந்தையின் வயலிலே இன்றும் நடக்கிறது. நெற்பயிரைப் புகைந்தது போலாக்கும் புகையான் பூச்சிக்கு மருந்தடிக்கிறார். முதலில் மடிந்தது, பிறகு மடியவில்லை. "பூச்சிக்கு மருந்து பழகிப் போச்சு" என்கிறார். பூச்சி பழகவில்லை. ஆயிரத்திலே ஒன்றிரண்டிடம், மருந்தைத் தாங்கும் பிழைப்படி முன்பே இருந்தது. மற்றவை மடிந்தன, அவை பெருகின. மருந்து அடித்த கையே தேர்வு செய்த கை! காசநோய்க்கு ஒரே மருந்தைத் தராமல் பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதும் இக்காரணம் பற்றியே. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி மற்றொன்றுக்குச் சிக்கட்டும் என்பதே கணக்கு. உழவனும் மருத்துவனும் நாள்தோறும் மல்லுக்கு நிற்கும் பொருளை, பத்து மதிப்பெண் வினாவாக்கி, 'டார்வின் கொள்கையை விவரி' என்று கேட்டு மூடிவிடுவது கல்வியா?

இனி, ஏணி நம் கண்ணிலே எப்படிப் புகுந்தது என்று பார்ப்போம். பெருநகரிலிருந்து நெடுந்தொலைவு போக வேண்டாம். அவ்வட்டத்தின் தலைநகரான உத்திரமேரூரிலே, வைகுந்தப் பெருமாள் கோயிலிலே, முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஓலையிலே பெயரெழுதி, குடத்திலே இட்டு எடுத்த முறை அது. பெருமைக்குரியதே, மறுக்கவில்லை. ஆனால், ஓலையிலே யார் பெயர் எழுதலாம்? வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். மந்திரப் பிராமணம் கற்றிருக்க வேண்டும்! அந்தச் சதுர்வேதி மங்கலத்து வயலிலே சேறு மிதித்தவன் பெயர் குடத்திலே விழவில்லை. பெண்ணின் பெயர் விழவில்லை. ஆயிரமாண்டு ஏணியின் நிழலிலே வளர்ந்த கண் நம்முடையது. அந்தக் கண், இயற்கையைப் பார்த்தாலும் ஏணியையே காணும். மீன் தாழ்ந்த சாதி, பாலூட்டி உயர்ந்த சாதி, மனிதன் எல்லாவற்றிற்கும் மேல் சாதி!

ஆனால், அதே உயிர்நூல் அந்த ஏணியைப் பற்றிச் சொல்லும் செய்தி என்ன? 2013-இல், ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தின் தங்கராசும், அமெரிக்க நாட்டு ஆர்வர்டு மருத்துவப் பள்ளியின் டேவிட் ரெய்க்கும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். துணைக்கண்டத்தின் 73 குழுக்களைச் சேர்ந்த 571 பேரின் மரபணு ஏடுகளை ஒப்பிட்டுப் படித்த ஆய்வு. அவர்கள் கண்டது: ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை, இங்கிருந்த மக்கள் ஒருவரோடொருவர் பரவலாகக் கலந்தனர். அதன் பின்னரே, கலப்பு அருகி, தத்தம் குழுவுக்குள்ளேயே மணக்கும் வழக்கம் இறுகிற்று. கலப்பற்ற குருதி எனக் கழுத்து நிமிர்த்துவோர் கவனிக்க! தொலைவிலே தனித்து வாழ்ந்த குழுக்களிலும் கலப்பின் தடம் காணப்பட்டது. படைப்புக் காலத்திலேயே வகுக்கப்பட்டது சாதி என்கிறது சாத்திரம். ஏடு சொல்லும் கணக்கிலே, அகமண வேலி போடப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகூட ஆகவில்லை; மனித இனத்தின் மூன்று இலட்சம் ஆண்டு வாழ்விலே அது நேற்றைய செய்தி!

வேலி போட்டதன் விலையையும் ஏடு சொல்கிறது. சிறு வட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் முடித்தால், அந்த வட்டத்தின் முன்னோர் சிலரிடம் இருந்த பிழைப்படிகள் தாய் வழியும் தந்தை வழியும் வந்து ஒரே குழந்தையிடம் சேரும். தென்னாட்டிலே ஒரு வணிகச் சமூகத்தாரில் பலருக்கு, அறுவைக்கு முன் தரப்படும் தசைத் தளர்ச்சி மருந்து நெடுநேரம் இறங்காமல் மூச்சுத் திணறலை விளைப்பது மருத்துவர் அறிந்த உண்மை. அதற்குக் காரணம் அத்தகைய ஒரு பிழைப்படியே. சாதி ஒழிப்புக்குப் பெரியார் ஈ. வெ. ரா. சொன்ன காரணங்கள் மானமும் சமத்துவமும் பற்றியவை. அவை யாருடைய ஆய்வுக்காகவும் காத்திருக்க வேண்டியவையல்ல. நாளை எந்த ஆய்வு எதைச் சொன்னாலும், தீண்டாமை கொடுமையே. ஆயினும், பிறப்பிலேயே வேறு என்று பொய் சொல்லுவோரின் வாயை அடைக்க, ஏட்டுச் சான்று கையிலிருப்பது நன்று.

ஏணியை எதிரி முகாமில் மட்டுமா காண்கிறோம்? நம் மேடையையும் சற்றே ஆராய்வோம். பிறர் கண்ணிலே தூசு தேடுவோன், தன் கண்ணைக் கழுவிக் கொள்ள வேண்டாமா?

'வலுத்தது வாழும்' என்று டார்வினை மேற்கோள் காட்டும் நம் பேச்சாளர் உண்டு. 'தக்கது பிழைக்கும்' என்ற சொற்றொடரை 1864-இல் முதலில் ஆண்டவர் எர்பர்ட்டு சுபென்சர். டார்வின் பின்னரே ஏற்றுக் கொண்டார். தக்கது என்றால் வலுத்தது அன்று. அந்தச் சூழலுக்குப் பொருந்தி, பிள்ளை பெற்றது. புகையான் யானையைவிட வலுத்ததா? வலுத்தது வாழும் என்பதை அறமாக்கியோர்தாம், ஏழையை மடியவிடு என்றனர். இழிகுலம் இனம் பெருக்கலாகாது என்றனர். செருமனியிலே நச்சுக் கூடமும் எழுப்பினர். அடக்குவோனுக்கு உதவும் அந்தத் தவறான தமிழாக்கத்தை, அடக்கப்பட்டோர் மேடையிலே முழங்கலாமா?

மற்றொன்று, இன்னும் கசப்பானது. இலெமூரியா! 1864-இல் பிலிப்பு சிக்கிளேட்டர் என்ற விலங்கியலார், மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் காணப்படுவதற்குக் காரணம் தேடி, மூழ்கிய நிலப்பரப்பு ஒன்று இருந்திருக்கலாம் என்றார். அந்நாளிலே அது நேர்மையான ஊகம். பின்னர், நிலத்தட்டுகளே நகர்கின்றன என்பது நிலைநாட்டப்பட்டது, ஊகம் தேவையற்றுப் போயிற்று, அறிவியலார் கைவிட்டனர். நாம் கைவிட்டோமா? அங்கேதான் முதல் மனிதன் பிறந்தான், அவன் தமிழ் பேசினான் என்று இன்னும் முழங்குகிறோம். தசாவதாரத்தைத் தள்ளும் கை, இதைத் தாங்கிப் பிடிக்கலாமா? நமக்குப் பிடித்த பொய்யும் பொய்யே.

பொய்யின் துணை நமக்குத் தேவையுமில்லை. மெய்யே மலைக்க வைக்கிறதே! டார்வின் நூல் வெளிவந்த நான்காம் ஆண்டு, 1863 மே 30-ஆம் நாள், பல்லாவரத்திலே இராபர்ட்டு புருசு பூட்டு ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டிலே, கொற்றலையாற்றுப் பகுதியில், அத்திரம்பாக்கம் கண்டறியப்பட்டது. அங்கே அகழ்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் அவர்தம் குழுவினரும், அடியிலுள்ள கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு முந்தியவை என்று 2011-இல் காட்டினர். நுண்ணிய கருவிகளுக்கு மாறிய காலம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2018-இல் காட்டினர். உடனே, '15 இலட்சம் ஆண்டுத் தமிழன்' என்று துள்ளினால், மீண்டும் ஏணியில் ஏறிவிட்டோம்! நம் இனமான மனிதன் ஆப்பிரிக்காவிலே தோன்றி ஏறத்தாழ 3,00,000 ஆண்டுதான் ஆகிறது. முதற் கோடரியைத் தீட்டிய கை நம் இனத்தின் கையன்று. நம் மரத்தின் வேறொரு கிளை. மனித மரத்திலே கிளைகள் பல இருந்தன. நியாண்டர்தால் மாந்தரும் நம் முன்னோரும் ஒரே காலத்தில் வாழ்ந்து, கலந்தும் இருக்கின்றனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்கள் ஏட்டிலே ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு அவர்கள் தந்தது. பெருநகர்க்காரன் ஏட்டிலும் இருக்கும். காஞ்சி மடத்தார் ஏட்டிலும் இருக்கும்!

இத்துணைச் செல்வமும் நம் பிள்ளைக்கு எட்டுகிறதா? தடை இரண்டு. ஒன்று, வெளியிலிருந்து வருவது. 2018 சனவரியில், ஒன்றிய அரசின் கல்வித் துறையிலே இணை அமைச்சராயிருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை எவரும் கண்டதில்லை, டார்வின் கொள்கை தவறு, பாடத்திலிருந்து நீக்க வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியற் கழகங்களும் ஒன்றாக மறுப்பு வெளியிட்டன. ஐந்தாண்டு கழியவில்லை, 'பாடச் சுமை குறைப்பு' என்று சொல்லி, தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு, பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடத்தை 'மரபு' என்று வெட்டிற்று. 2023 ஏப்ரலிலே, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் அதனைக் கண்டித்துக் கையொப்பமிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பிலே இருக்கிறதே என்று சமாதானம் கூறினர். உயிரியல் எடுப்போருக்கு மட்டுமன்றோ அங்கே உண்டு? பத்தோடு படிப்பை நிறுத்துவோரும், கணக்குக்கும் வணிகத்துக்கும் செல்வோரும் என்ன செய்வர்? தமிழ்நாட்டு அரசு 2019-இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு நூலிலே, 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' தனிப் பாடமாக இடம் பெற்றது. அதை எண்ணி மகிழலாம். மகிழ்ந்து உறங்கிவிடலாகாது.

ஏனெனில், இரண்டாவது தடை உள்ளேயே இருக்கிறது. எவரும் வெட்டாமலேயே பாடத்தைக் கொல்லும் முறை ஒன்று உண்டு. அதன் பெயர் மனப்பாடம். வினாவங்கி, குறிப்பேடு, தேர்வு, மறதி! காலையில் டார்வினைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி, மாலையில் பெண் பார்க்கச் சாதிச் சங்க ஏட்டைப் புரட்டும் பட்டதாரியைக் கண்டிருக்கிறோமே! அவன் படித்தான், பாடம் அவனைத் தொடவில்லை.

கருவியில்லை, பணமில்லை என்று காரணம் சொல்வோருக்கு ஒரு வரலாறு. இயற்கைத் தேர்வைக் கணக்கியலில் நிலைநாட்டிய மூவருள் ஒருவரான சே. பி. எசு. ஆல்டேன், 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியா வந்து, கல்கத்தாவிலும் பின்னர்ப் புவனேசுவரத்திலும் பணியாற்றி, 1964-இல் இம்மண்ணிலேயே மறைந்தார். இறந்த உடலையும் காக்கிநாடாவின் மருத்துவக் கல்லூரிக்குத் தந்தார். விலையுயர்ந்த கருவி இல்லாமலேயே, கண்ணாலும் கணக்காலும் இந்நாட்டிலே உயிர்நூல் ஆய்வு செய்யலாம் என்பது அவர் கொள்கை. அவருடன் ஆய்ந்த டேவிசு என்பார், தென்னையின் ஓலைகள் இடமாகச் சுற்றுகின்றனவா, வலமாகச் சுற்றுகின்றனவா என்று எண்ணினார். தோப்பு தோப்பாக எண்ணினார். இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி என்றும், அந்தச் சுற்று தாய் மரத்திலிருந்து வழிவழி வருவதன்று என்றும் கண்டார். கேட்க எளிது. ஆனால், எது மரபில் வருகிறது, எது வரவில்லை என்பதைப் பிரித்தறிவதன்றோ உயிர்நூலின் முதற் கேள்வி? பெருநகரிலே தென்னைக்கா பஞ்சம்?

நமக்கு முன்னோடி இல்லாமலும் இல்லை. 1930-களிலேயே, குடி அரசு இதழிலே, 1935-இல் தாம் நடத்திய புது உலகம் இதழிலே, எளிய மக்களுக்காக அறிவியலைத் தமிழிலே எழுதினார் சிங்காரவேலர். டார்வினை எழுதினார், வானியலை எழுதினார். பல்கலைக் கழகப் பட்டயம் எதிர்பார்த்து எழுதவில்லை. மூடநம்பிக்கையின் வேரை வெட்டும் கருவி அறிவியல் என்பதனால் எழுதினார். அந்த வேலை பாதியிலே நிற்கிறது.

ஆகவே, படிப்பகத் தோழர்களுக்குச் சொல்வேன்: கரும்பலகையிலுள்ள ஏணியைத் துடையுங்கள். மரத்தை வரையுங்கள். விலங்கியல் படிக்கும் தம்பிகளை, தங்கைகளை, மாதம் ஒரு மாலை அழைத்து, நெல்லிக்காயையும் புகையானையும் அத்திரம்பாக்கத்துக் கல்லையும் பற்றிப் பேசச் செய்யுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்காமல், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைத்தான் அவர்கள் கல்லூரி அவர்களிடம் கேட்க மறந்தது.

முதியவரையும் அழையுங்கள், எள்ளி நகையாட வேண்டாம். அவர் கேட்டது நல்ல கேள்வி. நம்மிடந்தான் விடை இல்லை. அடுத்த முறை அவர் வாசற்படியில் வந்து அமரும்போது, அந்த இளைஞன் இப்படித் தொடங்கட்டும்: "தாத்தா, உங்க ஆட்டுக்கு நெல்லிக்காய் வேண்டாம், நமக்கும் கோயில் குரங்குக்கும் மட்டும் ஏன் வேண்டும், தெரியுமா?"